மூச்சு மாத்திரை

அந்தத் தெருக்களில் அவருடைய பெயர் யாருக்கும் தெரியாது. ஆளுயர இரும்புச் சாவியைத் தோளில் சாத்திக்கொண்டு சைக்கிளில் வருவார். பார்த்ததும், "சாவிக்காரர் வந்துட்டார், குடத்தை எடு" என்று வீட்டுக்குள் ஒரு குரல் ஓடும். அதற்கு மேல் அறிமுகம் தேவைப்பட்டதில்லை. தெருமுனையில் இரும்பு மூடியைப் புரட்டி, குழிக்குள் சாவியை இறக்கி, இரண்டு கையாலும் திருகுவார். வீட்டுக் குழாய்கள் முதலில் இருமும், பிறகு காற்றைத் துப்பும், பிறகுதான் தண்ணீர் வரும்.

குடிநீர் வாரியத்தில் அவர் செய்தது அந்த ஒரே வேலை. அதைச் சுத்தமாகச் செய்தார். ஒரு தெருவை மூடிவிட்டுத்தான் அடுத்த தெருவைத் திறப்பார். புதிதாக வந்த மேலதிகாரி ஒருவர், யாரோ பெரிய மனிதர் பார்வையிட வருகிறார் என்பதற்காக எல்லா வால்வையும் ஒரே நேரத்தில் திறக்கச் சொன்னார். தொட்டித் தண்ணீர் மளமளவென்று இறங்கியது. குழாய்களில் அழுத்தம் செத்துப்போனது. ஒரு வீட்டிலும் சொட்டு விழவில்லை. பெரிய மனிதர் காலிக் குடங்களைப் பார்வையிட்டுவிட்டுப் போனார். திட்டு வாங்கியது வழக்கம்போலச் சாவிக்காரர்தான். "எல்லாத்துக்கும் திறந்தா எவனுக்கும் கிடைக்காது சார்" என்று மட்டும் சொன்னார். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நல்ல மனிதர்தான். கைக்கூலி வாங்க மாட்டார். ஒரு தெருவை ஏய்த்து இன்னொரு தெருவுக்குக் கொடுக்க மாட்டார். அவரால் தாங்க முடியாதது ஒன்றே ஒன்று, தன்னைப் பார்த்துப் பிறர் சிரிப்பது. வைதால் துடைத்துப் போட்டுவிட்டுப் போவார். சிரித்தால் அன்றைக்குச் சோறு இறங்காது.

அதற்கு மூலகாரணம் அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன். காய்கறிச் சந்தையில் ஏலம் விடுபவர். ஒலிபெருக்கி இல்லாமலே சந்தையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கேட்கும் தொண்டை. சாவிக்காரருக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தை இல்லை. உறவினர் வீட்டு விருந்தொன்றில், நிறைந்த சபையில், ஏலக்காரர் அந்தத் தொண்டையில் சொன்னார்: "எங்க மாப்பிள்ளை ஊருக்கெல்லாம் திறந்து விடுறார். வீட்டுலதான் சாவி சேரலை போல." சபையே குலுங்கியது. பரிமாறிக்கொண்டிருந்தவன் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். ஊர் வாயை உலைமூடி கொண்டு மூட முடியுமா? அந்த ஒரு வரி சந்தைக்குப் போனது, குடிநீர் வாரிய அலுவலகத்துக்கு வந்தது, குடம் பிடிக்கும் வரிசைவரை நடந்தது. கடைசியில் மகள் பிறந்தாள். அப்போதாவது அடங்கியதா என்றால், "சாவி சேர்ந்துடுச்சு" என்று அதற்கும் ஒரு சுற்றுச் சிரிப்பு.

ஏலக்காரர் மனதில் நஞ்சு கிடையாது. தன்னைப் பற்றியும் அப்படித்தான் பேசுவார். நெஞ்சுவலி வந்து பிழைத்ததைச் சொல்லும்போது, "எமன் என்னை ஏலத்துக்கு விட்டான். ஒரு தரம், ரெண்டு தரம்னு சொல்லிட்டான். மூணாவது தரத்துக்குள்ள டாக்டர் விலை கேட்டுட்டார்" என்பார். அன்றிலிருந்து அவர் சட்டைப் பையில் ஒரு சின்னக் குப்பி. நெஞ்சைப் பிடித்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரை. அதைக் குலுக்கிக் காட்டி, "என் உசிரு இதுக்குள்ளதான் இருக்கு" என்பார். தங்கை என்றால் அவருக்கு அதைவிட மேல். இதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு அநியாயம் செய்ததாகிவிடும்.

அந்தத் தங்கை ஓர் எட்டு மாடி அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்கினாள். முக்காலியில் உட்கார்ந்து பொத்தானை அமுக்கும் வேலை. யாருக்கு எந்த மாடி என்று முகத்தைப் பார்த்தே தெரியும். "நான் ஏறி இறங்கின தூரத்துக்கு இந்நேரம் நிலாவுக்கே போயிருக்கலாம்" என்பாள். உட்கார்ந்தே பார்க்கும் வேலை என்பதால் நோய் ஒளிந்துகொள்ள வசதியாகப் போயிற்று. மூச்சு வாங்கியது, உடம்பு போட்டுவிட்டது என்றார்கள். கணுக்கால் வீங்கியது, நாள் முழுக்கக் காலைத் தொங்கப் போட்டிருப்பதால் என்றார்கள். உதடு கறுத்தது, ரத்தம் கம்மி என்று ஒரு டப்பா சத்து மாத்திரை கொடுத்தார்கள். ஒரு நாள் லிஃப்ட் பழுதாகி நின்றது. மூன்றாம் மாடிக்காரர் லிஃப்டுக்குள் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்கப் படியேறினாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் விழுந்துவிட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் பல பரிசோதனைகளுக்குப் பிறகு, மனைவியை உள்ளே ஸ்கேனுக்குப் படுக்க வைத்துவிட்டு, நெஞ்சு டாக்டரம்மா சாவிக்காரரை மட்டும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"இதயத்துல இருந்து நுரையீரலுக்குப் போற ரத்தக்குழாய் உங்க வீட்டம்மாவுக்கு இறுகிப் போயிருக்கு. நுரையீரல்ல மட்டும் அழுத்தம் ஏறியிருக்கு. இதயத்தோட வலது பக்கம் அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளி வீங்கிடுச்சு."

"சரியாயிடுமா?"

"முழுசா சரியாகாது. மாத்திரை இருக்கு. விடாம சாப்பிட்டா ரொம்ப வருஷம் ஓட்டலாம். நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

"தண்ணி திறந்து விடுறேன்."

"அப்ப உங்களுக்குச் சீக்கிரம் புரியும்" என்று ஒரு காகிதத்தை இழுத்து வட்டம் ஒன்றைப் போட்டார். "ரத்தக்குழாய்ச் சுவர்ல தசை இருக்கு. அது இறுகினா குழாய் சுருங்கும், தளர்ந்தா விரியும். தளரணும்னா தசை செல்லுக்குள்ள ஒரு சேதிக்காரன் கிளம்பணும். சைக்ளிக் ஜி.எம்.பி.ன்னு பேரு. ரொம்பச் சின்ன மூலக்கூறு. வளைஞ்சு தன்னையே பிடிச்சுக்கிட்டு வளையமா இருக்கும், அதான் சைக்ளிக். அவன் போய்ச் சொன்னாத்தான் தசை பிடியை விடும். சொல்லி முடிச்சதும் ஒரு என்சைம் வந்து அந்த வளையத்தை வெட்டிடும். சேதி முடிஞ்சது, தசை மறுபடி இறுகும். ஆரோக்கியமான உடம்புல இது ரெண்டும் சரிசமமா நடக்கும்."

"இவளுக்கு?"

"சேதி கம்மியா கிளம்புது. வெட்டறவன் அதிகமா இருக்கான். நான் எழுதற மாத்திரை வெட்டறவனோட கையைக் கட்டிப் போடும். இருக்கிற கொஞ்சம் சேதியும் கூடுதல் நேரம் நிக்கும். குழாய் விரியும், மூச்சு கிடைக்கும்."

சாவிக்காரர் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனூண்டு வளையம் பெண்டாட்டியின் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது அவருக்கு நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

"சேதி வராட்டி மட்டும் இல்ல, முடியாட்டியும் நோய்தான்" என்றார் டாக்டரம்மா. "காலரா பார்த்திருக்கீங்களா?"

பார்த்திருந்தார். சாக்கடை கலந்த குழாயைக் கண்டுபிடித்து மூடியதே அவர்தான். மூடுவதற்குள் ஒரே தெருவில் அடுத்தடுத்துச் சாவு விழுந்தது. காய்ந்த துணிபோல் சுருங்கிக் கிடந்த பிள்ளைகளை அவர் இன்னும் மறக்கவில்லை.

"அங்க இவனோட கூடப்பிறந்தவன், சைக்ளிக் ஏ.எம்.பி.ன்னு இன்னொரு சேதிக்காரன். கிருமியோட விஷம் அவனை நிறுத்தவே விடாது. குடலுக்குத் திற, திறன்னு உத்தரவு போய்க்கிட்டே இருக்கும். உடம்புத் தண்ணி மொத்தமும் வெளியில போயிடும்." அவர் பேனாவை மூடினார். "இந்த மாத்திரையிலயும் அப்படி ஒரு ஆபத்து இருக்கு, கவனமா கேளுங்க. நெஞ்சுவலிக்காரங்க நாக்குக்கு அடியில வைப்பாங்களே, அந்த மாத்திரை இதே சேதியை அள்ளி அள்ளிக் கிளப்பும். நம்ம மாத்திரை அழிக்கவே விடாது. ரெண்டும் ஒரு உடம்புல சேர்ந்தா, நுரையீரல்ல மட்டும் இல்ல, உடம்பு முழுக்க இருக்கிற குழாய் அத்தனையும் ஒரே நேரத்துல தளர்ந்துடும்."

"எல்லா வால்வையும் ஒண்ணா திறந்த மாதிரி."

"அதேதான். அழுத்தம் விழுந்துட்டா அவங்க இதயம் எழுந்திருக்காது. அதனால மாத்திரை பேரை வீட்டுல எல்லாருக்கும் சொல்லி வைங்க. எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல்ல இதைச் சொல்லுங்க. சில்டெனாஃபில்." சாவிக்காரரின் முகத்தைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சாதாரணமாகச் சொன்னார். "ஆமா, ஆம்பளைங்க வாங்கற அதே மாத்திரைதான். அங்கயும் ரத்தக்குழாய்தான், அதே சேதிதான். இதுல வெட்கப்பட ஒண்ணும் இல்ல."

சாவிக்காரருக்குக் காது சுட்டது. டாக்டரம்மா சொன்னது அத்தனையும் அவருக்குப் புரிந்தது. புரியாமல் செய்துவிட்டார் என்று பின்னால் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சீட்டை எடுத்துக்கொண்டு போனது அவர் தண்ணீர் விடும் தெருவிலிருந்த மருந்துக்கடை. கடைப்பையன் சீட்டை வாசித்தான், பிறகு அவரை வாசித்தான், பிறகு உள்ளே இருப்பவருக்குக் கேட்கும்படி பெயரைச் சொல்லி, "இருக்கா? சாவிக்காரர் கேட்கறார், நிறைய வேணுமாம்" என்றான். பக்கத்தில் நின்றவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் தோள் குலுங்கியது. "என்னண்ணே, இந்த வயசுல" என்று ஆரம்பித்தான் பையன். மனைவிக்கு என்று அவர் சொல்லியிருக்கலாம். சீட்டைத் திரும்ப வாங்கி மடித்தார். மனைவிக்கு என்றால் அதற்கு இதைவிடப் பெரிய சிரிப்பு வரும் என்று பயந்தார். அந்தக் கணத்தில் அவர் காதில் விழுந்தது மச்சானின் தொண்டை. சந்தை முழுக்க, ஒரு தரம், ரெண்டு தரம்.

அதோடு அந்தக் கடைப்பக்கம் போவதை விட்டார். சைக்கிளை மிதித்து நகரத்தின் மறுகோடியில், தன்னைத் தெரியாத கடையில் வாங்கினார். நீரேற்று நிலையத்தின் பின்பக்கத் திண்டில் உட்கார்ந்து, அட்டைகளிலிருந்து மாத்திரைகளை ஒவ்வொன்றாக அமுக்கி எடுத்து, பழைய சத்து மாத்திரை டப்பாவில் போட்டார். பெயர் போட்ட அட்டைகளைக் கசக்கிக் குப்பையில் எறிந்தார். எல்லாம் காதும் காதும் வைத்த மாதிரி நடந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மாத்திரை சின்னது, மறைந்துவிட்டது.

"ஏங்க, இதுக்கு என்ன பேரு?" என்று மனைவி கேட்டாள்.

"மூச்சு மாத்திரை."

"அப்படி ஒரு பேரா?"

"உனக்குப் பேர் வேணுமா, மூச்சு வேணுமா?"

அவள் சிரித்துக்கொண்டே விழுங்கினாள். புருஷன் வாங்கி வந்து கையில் கொடுக்கும் மாத்திரைக்கு அவள் சாட்சி கேட்கவில்லை. அவளுக்குப் பிறகு மகள், மகளுக்குப் பிறகு லிஃப்டில் ஏறுகிறவர்கள் எல்லோரும் அதை மூச்சு மாத்திரை என்றே சொன்னார்கள். சொல்லச் சொல்ல அது உண்மையான பெயர் மாதிரியே ஆகிவிட்டது. சாவிக்காரருக்கே சில நாள் அப்படித் தோன்றியது.

மாத்திரை வேலை செய்தது. அதையும் சொல்ல வேண்டும். உதட்டின் கறுப்பு குறைந்தது. ஒரு வாக்கியத்தை நடுவில் நிற்காமல் பேசி முடித்தாள். ஒரு மாலை, லிஃப்டை நிறுத்திவிட்டு வேண்டுமென்றே முதல் மாடிவரை படியேறிப் பார்த்துவிட்டு வந்து, வீட்டு வாசலிலேயே அதைச் சொன்னாள். ஒரு மாடி ஏறியதற்கு இத்தனை பெருமையா என்று மகள் கேலி செய்தாள். சாவிக்காரர் பின்கட்டுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். அவர் மனைவியை நேசித்தார். அவருடைய குற்றத்தில் அது மட்டும் கலப்படம் இல்லாதது.

ஒரு முறை எச்சரிக்கைகூட வந்தது. வீட்டுக்கு வந்த ஏலக்காரர் தங்கையின் முகத்தெளிவைப் பார்த்துவிட்டு டப்பாவை எடுத்தார்.

"என்ன மாப்பிள்ளை, சத்து மாத்திரையா இவ்வளவு வேலை பண்ணுது? எனக்கும் ரெண்டு குடு."

மூடியைத் திறந்துவிட்டார். சாவிக்காரர் பாய்ந்து பிடுங்கினார். நாக்குக்கு அடியில் மாத்திரை வைக்கும் மனிதர் இதை விழுங்கினால் என்ன ஆகும் என்பது அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது.

"அது பொம்பளைங்களுக்கு மட்டும்" என்றார்.

மனைவி, மகள், மச்சான் மூவரும் சிரித்தார்கள். "அப்ப நமக்கு வேணாம்பா" என்று மச்சான் கையைத் தட்டிக்கொண்டார். சாவிக்காரரும் கூடச் சேர்ந்து சிரித்தார். தப்பித்தோம் என்றுதான் நினைத்தார்.

பிறகு ஒரு நாள் பிரதானக் குழாய் வெடித்தது. காலையிலேயே சாவிக்காரர் இடுப்பளவு சேற்றில் குழிக்குள் இறங்கியிருந்தார். மேலே குழாய் பொருத்துகிற பிட்டரும் மண்வெட்டி ஆட்களும் வேடிக்கை பார்க்க வந்த தெருக்காரர்களும். சைக்கிளில் தொங்கிய சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கையெல்லாம் சேறு என்பதால் பிட்டர் அதை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டு, குழிக்கு மேல் பிடித்தார்.

"மாப்பிள்ளை, பதறாதே" என்றது ஏலக்காரரின் குரல். "தங்கச்சியைப் பார்க்க வந்தேன். துணி காயப்போட்டுட்டு வந்து நெஞ்சு வலிக்குதுன்னு உட்கார்ந்துட்டா. எனக்கு வந்த மாதிரியேதான், வேர்த்துக் கொட்டுது. என் மாத்திரையை நாக்குக்கு அடியில வச்சிருக்கேன். கரைஞ்சதும் சரியாயிடும்."

சாவிக்காரர் போனை நோக்கிச் சேற்றுக் கையைத் தூக்கினார்.

"துப்பச் சொல்லுங்க."

"என்னது?"

"துப்பச் சொல்லுங்க மச்சான். அது அவளுக்கு ஆகாது."

"ஏன் ஆகாது? வேற என்ன சாப்பிடறான்னு கேட்டுட்டுத்தானே வச்சேன். பாப்பா டப்பாவைக் காட்டினா. சத்து மாத்திரைன்னு போட்டிருக்கு. சத்து மாத்திரைக்கும் இதுக்கும் என்ன சண்டை?"

நியாயமான கேள்வி. பதில் ஒரே ஒரு சொல். குழிக்கு மேல் அத்தனை முகங்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தன. பிட்டர் ஏற்கெனவே புன்னகைக்கத் தயாராக இருக்கிற ஆள். அந்தச் சொல் சாவிக்காரரின் தொண்டைவரை வந்தது.

"அது சத்து மாத்திரை இல்ல. வேற."

"வேறன்னா?"

"மூச்சு மாத்திரை."

"அதுதான் தெரியுமே."

"நான் வந்து சொல்றேன். வேற எதுவும் குடுக்காதீங்க. ஆஸ்பத்திரி வண்டியக் கூப்பிடுங்க."

"சரி சரி, நீ நிதானமா வா" என்றார் ஏலக்காரர், பதறிப்போனவனைத் தட்டிக்கொடுக்கும் குரலில்.

அந்தச் சொல்லை அப்போது சொல்லியிருந்தால் அவள் பிழைத்திருப்பாளா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. பிற்பாடு டாக்டர்களாலும் முடியவில்லை. முதல் மாத்திரை அதற்குள் பாதி கரைந்திருக்கும். ஆனால் இரண்டாவது மாத்திரை அப்போது குப்பிக்குள்தான் இருந்தது.

அவர் சேற்றுக் காலோடு மிதித்து வந்து சேர்ந்தபோது மனைவி கூடத்துச் சுவரில் சாய்ந்து கிடந்தாள். மகள் விசிறிக்கொண்டிருந்தாள். கையைத் தொட்டார். ஈரத் துணியைத் தொட்ட மாதிரி இருந்தது.

"வலி நிக்கலை மாப்பிள்ளை" என்றார் ஏலக்காரர். "நிக்கலைன்னா இன்னொண்ணு வைக்கலாம்னு எனக்கு டாக்டர் சொல்லியிருக்கார். இப்பத்தான் வச்சேன். அதுக்கப்புறம்தான் ஒரு மாதிரி துவண்டுட்டா."

மனைவி கண்ணைத் திறந்து புருஷனைத் தேடினாள்.

"ஏங்க, லிஃப்டு கீழ போற மாதிரி இருக்கு" என்றாள்.

அதன்பிறகு அவள் பேசவில்லை.

ஆஸ்பத்திரி நடையில் தள்ளுவண்டியோடு ஓடிக்கொண்டே, "என்ன மாத்திரை சாப்பிடறாங்க?" என்று கேட்டார் பணியிலிருந்த டாக்டர். மகள் டப்பாவை நீட்டினாள். "சத்து மாத்திரை, இல்ல, மூச்சு மாத்திரைன்னு அப்பா..." என்று தடுமாறினாள். டாக்டர் டப்பாவைப் பார்த்தார், ஒன்றும் விளங்கவில்லை.

"சில்டெனாஃபில்" என்றார் சாவிக்காரர். "சில்டெனாஃபில் சார். தினமும் மூணு வேளை. அதுக்கு மேல நாக்குக்கு அடியில ரெண்டு மாத்திரை வச்சாச்சு."

தன்னிடம் அப்படி ஒரு குரல் இருப்பது அவருக்கே தெரியாது. நடை முழுக்கக் கேட்டது. பெஞ்சுகளில் ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பின்னாலேயே வந்த பிட்டர் தூணோரம் நின்றார். நர்சுகள், தள்ளுவண்டிக்காரர், துடைப்பத்தோடு ஒருவர். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. டாக்டரின் முகம் மட்டும் மாறியது.

அவள் கால்களைத் தூக்கி வைத்தார்கள். இரண்டு கையிலும் ஊசி குத்தி உப்புநீரை ஏற்றினார்கள். டாக்டரம்மா சொன்ன அந்த இன்னொரு சேதிக்காரனை, கூடப்பிறந்தவனை, மருந்து கொடுத்து உசுப்பி இதயத்தை ஓட வைக்கப் பார்த்தார்கள். "இதுக்கு மாற்று மருந்து கிடையாது" என்றார் டாக்டர். "உள்ள இருக்கிற மருந்து தானா அடங்கற வரைக்கும் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கணும். நல்ல இதயம்னா பிடிச்சுடும்." அவளுடையது ஏற்கெனவே தள்ளித் தள்ளிச் சலித்த இதயம். மாலை வெளிச்சம் போவதற்குள் நின்றுவிட்டது.

ஏலக்காரர் அந்த நடையில் இல்லை. வெளியே வண்டியருகே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆகவே அவருக்கு ஒன்றும் தெரியாது. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், "கொஞ்சம் முந்திக் குடுத்திருந்தா பிழைச்சிருப்பா. துணி காயப்போடும்போதே முகம் சரியில்ல. நான்தான் லேட் பண்ணிட்டேன்" என்று சொல்லிச் சொல்லி அழுதார். எல்லோரும் தேற்றினார்கள். நீங்க இருந்ததால அதுவாவது செய்ய முடிஞ்சுது என்றார்கள். சாவிக்காரர் சுவரோரம் உட்கார்ந்து அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் மகள் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி நடையில் அப்பா சொன்ன பெயரை அவளும் கேட்டிருந்தாள்.

அப்படியே விட்டிருக்கலாம். மச்சானுக்கு அது நல்லது என்றுகூட ஒரு நியாயம் சொல்லிக்கொள்ளலாம். சாவிக்காரர் அதையும் நினைத்துப் பார்த்தார். அப்போது ஏலக்காரர் சட்டைப் பையிலிருந்து குப்பியை எடுத்து மருமகள் கையில் வைத்தார்.

"இதை வீட்டுல வச்சுக்கம்மா. அம்மாவுக்கு வந்தது உனக்கும் வராதுன்னு சொல்ல முடியாது. யாருக்கு நெஞ்சு வலிச்சாலும் யோசிக்காதே. உடனே நாக்குக்கு அடியில வச்சுடு."

"மச்சான்" என்றார் சாவிக்காரர்.

அறையில் சந்தை ஆட்கள், குடிநீர் வாரிய ஆட்கள், லிஃப்ட் கட்டடத்துக்காரர்கள் என்று நிறைய பேர் இருந்தார்கள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். மாத்திரையின் பெயர், மருந்துக்கடையில் சிரித்தது, டப்பா மாற்றியது, டாக்டரம்மா எச்சரித்தது, குழிக்குள் நின்று போனில் விழுங்கிய சொல், எதையும் விடவில்லை. அந்தச் சேதிக்காரனைப் பற்றியும் சொன்னார். "நீங்க வச்சது சேதியைக் கிளப்பிச்சு. நான் குடுத்தது அதை அழிக்க விடலை. எல்லா வால்வும் ஒண்ணா திறந்துடுச்சு. உங்க மேல தப்பில்ல. நீங்க கேட்டுட்டுத்தான் குடுத்தீங்க. நான்தான் பேரைச் சொல்லலை."

"ஏன் சொல்லலை?"

"நீங்க சிரிப்பீங்கன்னு."

ஏலக்காரர் எழுந்து அவர் எதிரில் வந்து நின்றார். அடிக்கப் போகிறார் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். அவர் அடிக்கவில்லை. மருமகள் கையிலிருந்த குப்பியை வாங்கி, அதைக் குலுக்காமல், உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சந்தை முழுக்கக் கேட்கிற அந்தத் தொண்டையிலிருந்து வந்தது அடுத்தவருக்குக்கூடக் கேட்காத குரல்.

"சிரிச்சிருப்பேன் மாப்பிள்ளை. நல்லா சிரிச்சிருப்பேன். சந்தையில போய் எல்லார்கிட்டயும் சொல்லியிருப்பேன். அப்புறம் அன்னிக்கு இதைப் பையிலயே வச்சிருப்பேன்."